எலிக்கணக்கு

பிப்ரவரி 4

மகளுக்கு,

ஒரு வருடமாக இரண்டு வரிக்கு மேல் எழுதாதவன் இப்போது தாளை நிரப்பினால் சந்தேகப்படுவாய். படு, பரவாயில்லை. அம்மா காரியம் முடிந்த கையோடு, "தம்பிய ஒரு காப்பகத்துல சேக்கலாமாப்பா"ன்னு நீ கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. உன் எலிகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

போனில் கேட்கலாமே என்பாய். நம்ம ரேடியோவை மறந்துவிட்டாயா? உன் தம்பி காதில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் கீழ்வீட்டுத் தையல்காரர் முதல் பால் கடை வரை ஒலிபரப்பாகிவிடும். அதுவும் என் குரலில், என் இருமலோடு. போன மாதம் வீட்டுக்காரரைப் பற்றி நான் முணுமுணுத்ததை வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டான். நாற்பத்தொரு வயது ஆளின் வாயைப் பொத்தவா முடியும்? பிறக்கும்போதே இவனுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கூடுதல் முழுக்க வாயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பாள் உன் அம்மா. அதனால்தான் நமக்குள் முக்கியமான பேச்செல்லாம் கடிதத்தில் என்று அவள் வைத்தாள். அவள் போன பிறகும் அதுவே நடக்கட்டும்.

விஷயம் இதுதான். போன தடவை வந்தபோது சொன்னாயே, வயிற்றைக் காயப்போடும் எலி அதிக நாள் வாழ்கிறது என்று. எவ்வளவு குறைக்கிறீர்கள்? ஒரு வேளையை நிறுத்துவதா, எல்லா வேளையிலும் கொஞ்சமா? ஆயுள் எவ்வளவு கூடுகிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான். லிஃப்ட் ரிப்பேர்க்காரன் ரிட்டையர் ஆனால் எதையாவது நோண்டிக்கொண்டுதான் இருப்பான்.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தில் ஒரு முழுப் பக்கம் பார்த்ததும் மூன்று தடவை படித்தேன். இத்தனை வருடமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்களாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் எலி அறைக்கு ஜன்னல் கிடையாது. சூடு, வெளிச்சம் எல்லாம் ஒரே அளவு. அலமாரி அலமாரியாகக் கூண்டுகள். பாதிப் பேருக்கு வேண்டிய மட்டும் தீனி. மீதிப் பேருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஆனால் சத்து குறையாமல். வயிறு நிறையச் சாப்பிட்டவை நரைத்து, கூன் விழுந்து மூலையில் படுத்திருக்கும்போது, பசித்தவை சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நன்றாகப் பலித்த கூண்டுகளில் ஆயுள் மூன்றில் ஒரு பங்கு வரை கூடியிருக்கிறது. ஒரு கிழவி இருக்கிறாள், அவள் கூடப் பிறந்தவை எல்லாம் போய்விட்டன. இவள் இன்னும் என் விரலைக் கடிக்கிறாள்.

ஏன் என்று கேட்பீர்கள். வெளியிலிருந்து வருவது குறைந்தால் செல் தன்னைப் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கும் வேலையில் இறங்குகிறது. உள்ளே சேர்ந்த குப்பையை, உடைந்த பாகங்களை எல்லாம் எடுத்து உடைத்து மறுபடி உபயோகிக்கிறது. நாங்கள் ஆயுளை மட்டும் பார்ப்பதில்லை. எலியை ஒரு கம்பியைப் பிடிக்கவைத்து, வாலை மெதுவாக இழுத்து, எவ்வளவு நேரம் விடாமல் பிடிக்கிறது என்று பார்ப்போம். வயதாகிறது என்பதை முதலில் சொல்வது பிடிதான்.

ரேடியோ எப்படி இருக்கிறான்? நான் கேட்டதாகச் சொல்லுங்கள். ஊருக்கே சொல்வான்.

உங்கள்
எலிக்காரி


மார்ச் 8

எலிக்காரிக்கு,

கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு. சரி.

இன்னும் சில சந்தேகம். எலிக்கு எந்த வயதில் ஆரம்பிக்கிறீர்கள்? கிழட்டு எலிக்கு ஆரம்பித்தாலும் பலிக்குமா? காப்பி கணக்கில் வருமா? பசி தலைக்கேறினால் எலி என்ன செய்யும்? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்குமா? தூக்கம் வருமா? சீக்கிரம் எழுது. தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே நான் மூன்றாவது மாடி ஜன்னலில் நிற்கிறேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டியவன் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் குடியிருக்கிறான், தலையெழுத்து. இறங்கி ஏறினால் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது.

ரேடியோ சௌக்கியம். கொஞ்சம் சோம்பேறி ஆகிவிட்டான். சாயங்காலச் செய்தியை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிப்பானே, இப்போது தலைப்போடு நிறுத்திக்கொள்கிறான். "மீதி எங்கடா?"ன்னா சிரிக்கிறான். தையல்காரர் அவனுக்குப் பொத்தான் தைக்கச் சொல்லிக் கொடுக்கிறார். எனக்கும் பேண்ட்டுகளை இடுப்பில் பிடித்துக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

அப்பா


மார்ச் 23

அப்பா,

பேண்ட்டை எதற்கு இடுப்பில் பிடித்துக் கொடுத்தார்?

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். காப்பி கணக்கில் வருமா என்று எந்த எலியும் கேட்காது. நீங்கள் பட்டினி கிடக்கிறீர்களா? மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

நான் உங்களுக்கு எழுதியது நல்ல பாதி. மகிழ்ச்சியில் மீதியை விட்டுவிட்டேன், இப்போது என்னையே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. கேளுங்கள். எல்லா எலி வம்சத்துக்கும் இது பலிப்பதில்லை. சில வம்சத்தில் பசித்தவைதான் முதலில் செத்தன. நாங்கள் இளவயதில் ஆரம்பிக்கிறோம்; கிழட்டு எலிக்குத் திடீரென்று குறைத்தால் பலன் தேய்ந்துவிடுகிறது, சிலதுக்குக் கெடுதலே. எங்கள் எலிக்கு மாடிப்படி கிடையாது, சளி பிடிக்காது, பால் வாங்கப் போக வேண்டாம். மனிதருக்கு எழுபதுக்கு மேல் தசை கரைவதுதான் பெரிய ஆபத்து. கரைந்த தசை லேசில் திரும்பாது.

இன்னொன்று. ரேடியோ எப்போதிலிருந்து செய்தியைப் பாதியில் விடுகிறான்? வழி தடுமாறுகிறானா? சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறானா? பகலில் தூங்குகிறானா? சும்மாதான் கேட்கிறேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும்.

உங்கள் மகள்


ஏப்ரல் 5

மகளுக்கு,

ஆமாம். போதுமா?

சும்மா கேட்கிறேன் என்று நானும் எழுதினேன், நீயும் எழுதுகிறாய். ஒரே ரத்தம்தானே. நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு திட்டு.

அவனுக்கு நாற்பத்தொன்று. எனக்கு எழுபத்திரண்டு. அவன் எண்பது வரை இருந்தால் எனக்கு நூற்றுப்பதினொன்று ஆக வேண்டும். அதுவரை நான் இருந்தாக வேண்டும், கண்ணு. அவனுக்குச் சுடுதண்ணீர் எது பச்சைத்தண்ணீர் எது என்று தினமும் கையை விட்டுப் பார்த்துச் சொல்கிறவன் நான். இடி இடித்தால் அவன் வந்து ஒண்டுவது என் கட்டிலில். காப்பகத்தில் யார் கட்டிலில் ஒண்டுவான்? என் அப்பா எண்பத்தைந்து வரை இருந்தார். நானும் அவ்வளவு இருப்பேன் என்று வை. உன் எலிக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூட்டு. நூற்றுப்பதின்மூன்று! இரண்டு வருடம் கையில் மிச்சம். அந்த இரண்டு வருடத்தில் அவனுக்கு எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அம்மா போன நாளிலிருந்து நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இப்போது வந்து மீதிப் பாதி என்கிறாய். எனக்கு உன் மீதிப் பாதி வேண்டாம். நான் எந்த வம்சம் என்று உனக்கென்ன தெரியும், நல்ல வம்சமாகவே இருக்கக்கூடாதா?

பொத்தான் மாற்றித்தான் போடுகிறான். அதற்கென்ன, நானும் கண்ணாடி இல்லாவிட்டால் மாற்றித்தான் போடுகிறேன்.

அப்பா


ஏப்ரல் 16

அப்பா,

அம்மா வைத்த விதியை மீறிப் போன் செய்து கத்தினேன். வருத்தமில்லை. தம்பி பக்கத்தில் இருக்கிறான் என்று தெரிந்துதான் கத்தினேன். நீங்கள் சாப்பிடாமல் கிடப்பது தையல்காரருக்கும் பால் கடைக்கும் தெரியட்டும், தெருவே சேர்ந்து உங்களுக்கு ஊட்டட்டும் என்றுதான். நீங்கள் டொக்கென்று வைத்துவிட்டீர்கள்.

நூற்றுப்பதின்மூன்றைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக் கழிப்பறையில் போய் அழுதேன். எங்கள் தலைவி வெளியே நின்று, "கிழவி எலி செத்துப்போச்சா?"ன்னு கேட்டாள்.

அந்த மூன்றில் ஒரு பங்கு ஒரு கூட்டத்தின் கணக்கு, அப்பா. தனி ஆளுக்கு நான் உறுதி தர முடியாது. ஒரே தாய்வழி வம்சம், ஒரே கூண்டு, ஒரே தீனி. ஒன்று பாதி வயதில் சாகிறது, பக்கத்தில் இருப்பது கடைசி வரை ஓடுகிறது. ஏன் என்று எங்களுக்கே இன்னும் தெரியாது. உங்களை அந்தக் கூண்டில் போட்டுப் பார்க்க நான் தயாராக இல்லை.

முட்டை சாப்பிடுங்கள், பருப்பு சாப்பிடுங்கள். கனமாக எதையாவது தூக்கி இறக்குங்கள். தம்பியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்த் தைராய்டு, காது இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மகள்


மே 2

மகளுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தோள் வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை பால் வாங்கிக்கொண்டு நானும் அவனும் திரும்பினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் நின்றான். அடுத்த படியைப் பார்த்துக்கொண்டே நின்றான். "ஏறுடா"ன்னேன். காலை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டான், குளத்தில் இறங்க யோசிக்கிறவன் மாதிரி. பிறக்கும் முன்னாலிருந்து இந்தப் படியில் ஏறுகிறான், அம்மா வயிற்றில் இருந்தபோதே. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் அவ்வளவு பயம்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். போன வருடம் காய்ச்சலில் கிடந்தவனை ஒரே ஆளாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியவன் நான். முப்பது வருடம் லிஃப்ட் மோட்டாரைத் தோளில் ஏற்றியவன். பிடி நிற்கவில்லை. இரண்டாம் தடவை தூக்கியபோது என் கையே விரிந்துவிட்டது. நீ எழுதினாயே, கம்பியைப் பிடிக்கும் எலி, அது ஞாபகம் வந்தது. பால் கொட்டியது. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தையல்காரர் மாடி ஏறி வரும் வரை அப்பனும் மகனும் பாலில் உட்கார்ந்திருந்தோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சாப்பிடுங்கப்பா, உங்க காலப் புடிக்கிறேன்"ன்னான். உன் குரல், அச்சு அசல். போனில் நீ கத்தினது.

அன்றைக்கு ராத்திரியே சாப்பிட்டேன். நூற்றுப்பதின்மூன்று வயதில் இவனைத் தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்து என்ன பிரயோஜனம்?

நீ எதையோ தெரிந்துவைத்துக்கொண்டுதான் பொத்தானையும் வழியையும் கேட்டாய். இப்போது சொல். வீட்டுக்குள் நடந்து நடந்து தரை தேய்கிறது.

அப்பா


மே 14

அப்பா,

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருவருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பிறந்த தேதி சொல்வது. இன்னொன்று உடம்புக்குள் இருக்கிறது. மரபுப்பொருளில் படியும் அடையாளங்களை வைத்து அதைக் கணக்கிடப் பார்க்கிறோம், அது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டாவது வயது வேகமாக ஓடுகிறது. சீக்கிரம் நரைக்கிறது, சீக்கிரம் கண்ணில் புரை விழுகிறது. மூளையில் படிந்து ஞாபகத்தைக் கெடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு அந்தக் கூடுதல் குரோமோசோமில்தான் இருக்கிறது. அந்த மரபணு எல்லோருக்கும் இரண்டு, அவனுக்கு மூன்று. அதனால் அது அவனுக்குள் சின்ன வயதிலிருந்தே சேர்கிறது. நாற்பதைத் தாண்டினால் மறதி தெரிய ஆரம்பிக்கும். பேச்சு குறையும். படியின் ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது.

முதலில் தைராய்டைப் பாருங்கள். அது குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதற்கு மாத்திரை உண்டு. அதுவாகவே இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

ஆனால் அதுவாக இல்லாவிட்டால், அப்பா, அவன் எண்பது வரை வருவது கஷ்டம். நீங்கள் நூற்றுப்பதினொன்று வரை ஓட வேண்டியதில்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. வயதில் உங்களைப் பிடிக்க அவன் உங்கள் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருக்கிறான்.

காப்பகம் என்று நான் கேட்டதும் இதனால்தான். ஒரு நாள் அவனை நீங்கள் ஒருவராகத் தூக்க முடியாமல் போகும் என்று பயந்தேன். அவனைத் தள்ளிவிடக் கேட்டேன் என்று நினைத்தீர்கள்.

உங்கள் மகள்


ஜூன் 1

தெரிந்தும் எனக்கு எலியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய். பிள்ளையை விட்டுவிட்டு எலிக்கு வயது பார்க்கிற படிப்பு என்ன படிப்பு?

தைராய்டு குறைவாம். மாத்திரை எழுதியிருக்கிறார். நீ சொன்னதெல்லாம் பொய்யாகப் போகட்டும்.


ஜூன் 12

அப்பா,

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் எலியைத் தேடி இந்த வேலைக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்து, தம்பி மாதிரி ஆட்கள் எத்தனை வயது வரை இருப்பார்கள் என்று பார்த்தேன். அந்தக் காலத்துப் புத்தகம், அதில் போட்டிருந்த எண்ணை அவன் எப்போதோ தாண்டிவிட்டான். நீங்களும் அம்மாவும் சோறு ஊட்டி, சண்டை போட்டுத் தாண்ட வைத்தீர்கள். அந்த எண்ணை இன்னும் தள்ளிப்போட ஏதாவது வழி கிடைக்காதா என்றுதான் இத்தனை வருடமாக ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

நீண்ட விடுப்பு கேட்டிருக்கிறேன். தலைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "தம்பிக்கு வயசாகுது"ன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஆகஸ்டில் வருகிறேன். காப்பகம் பற்றிப் பேச மாட்டேன். என்னையும் தூக்கப் பழக்குங்கள். இருவர் பிடித்தால் அவன் படி ஏறுவான்.

கிழவி எலி போன வாரம் போய்விட்டாள். கடைசி நாள் வரை கடித்தாள்.

உங்கள் எலிக்காரி


ஜூலை 9

எலிக்காரிக்கு,

சாப்பிடுகிறேன். காலையில் முட்டை, மத்தியானம் பருப்பு. தண்ணீர் நிரப்பின வாளியை ஒரு மாடி தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். பால் கடைக்காரர் என்னைப் பார்த்து, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தாச்சா?"ன்னு கேட்கிறார். முந்தாநாள் அவனை நாற்காலியிலிருந்து நானே எழுப்பி நிறுத்தினேன். நூற்றுப்பதின்மூன்றை விட்டுவிட்டேன். அவனுக்கு எவ்வளவு நாளோ அவ்வளவு நாள் எனக்குக் கையில் பிடி இருந்தால் போதும். போன கடிதத்தில் எழுதினதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் படிப்பு நல்ல படிப்புதான்.

நீ படிகளைப் பற்றி எழுதியதைத் தையல்காரரிடம் சொன்னேன். ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் துணி வெட்டி ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்து ஏறுகிறான். மாத்திரையால் கொஞ்சம் தேறினான், பகல் தூக்கம் குறைந்தது, சிரிக்கிறான். வெறும் தைராய்டுதான் என்று நம்பினேன். ஆனால் பேச்சு வரவில்லை.

அதனால், ஆகஸ்ட் வரை நீ கடிதம் எழுத வேண்டாம். போனே பண்ணு. எதை வேண்டுமானாலும் சத்தமாகப் பேசலாம். வீட்டுக்காரரைத் திட்டலாம். ஒன்றும் தெருவுக்குப் போகாது. ரேடியோ எதையும் திருப்பிச் சொல்வதில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. நான் தட்டை எடுத்து வைத்ததும், "அப்பா, சாப்பிடுங்கப்பா, உங்க காலப் புடிக்கிறேன்"ங்கிறான், உன் குரலில். அது மட்டும் போகவில்லை. தினமும் தட்டோடு சேர்ந்து வருவதாலோ என்னவோ. நீ கோபத்தில் கத்தினது, அவன் வாயில் கேட்டால் கோபமாகவே இல்லை.

தினமும் காலையில் கூப்பிடு. போனை அவன் காதில் வைக்கிறேன். நல்லதாக நாலு வார்த்தை சொல், மறுநாளும் அதையே சொல். எது அவனிடம் தங்குகிறது என்று சாப்பாட்டு வேளையில் நான் கேட்டுச் சொல்கிறேன்.

அப்பா